போனது எத்தனை? வந்தது எத்தனை? தாம்பரம் பெரியவர் இன்னும் எண்ணுகிறார்!

2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி. தாம்பரத்தில் ஒரு டீக்கடை. கடைக்குள் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

டி.வி.யில் சண்டிகார் விமானப்படைத் தளத்தைக் காட்டினார்கள். "மிக்-21" போர் விமானத்துக்கு அன்று பிரிவு உபசாரம். 1963-ல் இதே சண்டிகாரில்தான் அது நம் படையில் சேர்ந்தது. 62 வருஷம் பறந்துவிட்டு, சேர்ந்த இடத்திலேயே ஓய்வு பெற்றது. விமானப்படைத் தளபதியே கடைசியாக ஒரு தடவை ஓட்டினார். தரை இறங்கிய விமானங்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மரியாதை செய்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சட்டென்று எழுந்து நின்றார். வயது 76. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. வலது கை நெற்றிக்குப் போயிற்று. சல்யூட்!

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் சிரித்துவிட்டான். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"எல்லாம் வந்திடுச்சு. கணக்கு சரி."

டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. அப்போதுதான் உட்கார்ந்தார்.

சின்ன விமானம், பெரிய வேலை

பெரியவர் 1967-ல் 18 வயதில் விமானப்படையில் சேர்ந்தவர். விமானி அல்ல. விமானத்தின் உடம்பைப் பழுது பார்க்கும் பிட்டர். தொழில் பயிற்சி தாம்பரத்திலேயே. பிறகு வடக்கே ஒரு தளத்தில் "நேட்" விமானங்களோடு வேலை.

"தம்பி, நேட்டைப் பார்த்திருக்கியா? பொம்மை மாதிரி இருக்கும். ஆனா அது பண்ணின வேலை இருக்கே... யானைக் காதிலே எறும்பு புகுந்த கதைதான்!"

அவர் சொன்னதில் தப்பில்லை. இறக்கையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை 22 அடிதான். பிரிட்டனில் உருவான விமானம். 1958-ல் நம் படைக்கு வந்தது. பிறகு பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலேயே தயாரித்தார்கள்.

1965 யுத்தம். பாகிஸ்தானிடம் அமெரிக்காவின் "சேபர்" ஜெட் விமானங்கள். உலகமே மெச்சிய விமானம் அது. அதை எதிர்த்து நம்முடைய குட்டி நேட் கிளம்பியது. உடம்பு சிறிசு என்பதால் எதிரி கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது. வளைந்து திரும்புவதில் கில்லாடி. யுத்தம் முடிந்தபோது அதற்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. "சேபர் கொல்லி!"

அதே சமயம் குறையும் இருந்தது. சண்டை நடுவில் பீரங்கி மக்கர் பண்ணும். விமானத்தை மேலும் கீழும் திருப்புகிற ஹைட்ராலிக் அமைப்பு படுத்தும். அதைச் சரி செய்வதுதான் தரையில் இருந்தவர்கள் வேலை.

"ராத்திரி டார்ச் லைட் வெளிச்சத்திலே படுத்துக்கிட்டே வேலை பார்ப்போம். குளிர்லே விரல் மரத்துப் போகும். ஸ்பானர் கையிலே இருக்கா, கீழே விழுந்திடுச்சான்னே தெரியாது."

ஒரே நாள்... இரண்டு செய்தி!

1971 டிசம்பர் 14-ந் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று கிழக்கே டாக்காவில் கவர்னர் மாளிகை மீது மிக்-21 விமானங்கள் ராக்கெட் வீசின. கவர்னர் மாலிக் அன்றே ராஜினாமா செய்தார். இரண்டு நாளில் பாகிஸ்தான் படை சரண் அடைந்தது. வங்காளதேசம் பிறந்தது.

அதே நாள் வடக்கே ஸ்ரீநகர் விமான தளத்தில் சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. குண்டு விழுகிற ஓடுபாதையிலேயே ஒரு நேட் சீறிக் கிளம்பியது. ஓட்டியவர் நிர்மல்ஜித் சிங் சேகோன். ஒற்றை ஆளாக ஒரு கூட்டத்தோடு மோதினார். திரும்பி வரவில்லை. அவருக்குப் பரம்வீர் சக்கர விருது அளிக்கப்பட்டது. விமானப்படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான்.

"டாக்கா செய்தியைக் கேட்டு ஊரே லட்டு கொடுத்துச்சு. நாங்களும் சாப்பிட்டோம். ஸ்ரீநகர் செய்தி வந்ததும் வாயிலே இருந்த லட்டு இறங்கலே" என்றார் பெரியவர்.

இடது காலும் பெரிய மேளமும்

விமானத்தை விட்டு பேண்டு வாத்தியத்துக்குப் பேச்சு திரும்பியது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

1965-ல் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து படையில் சேர்ந்த நம் பையன்களுக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. அணிவகுப்பு உத்தரவோ எல்லாம் இந்தியில்! "சாவ்தான்" என்றால் விறைப்பாக நில். "தேஜ் சல்" என்றால் வேகமாக நட. "தைனே முட்" என்றால் வலது பக்கம் திரும்பு.

"அவர் தைனே முட்-ங்கிறார். பாதிப் பேர் வலது, பாதிப் பேர் இடது. மூஞ்சியும் மூஞ்சியும் மோதிக்கும். அப்புறம் பேண்டு வந்தது. பொழைச்சோம்!"

ரகசியம் இதுதான். அணிவகுப்பு இசையில் பெரிய மேளத்தின் அடி இடது காலுக்கு உரியது. "டம்" என்றால் இடது கால். நிமிஷத்துக்கு 120 அடி. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் என்ன வாசித்தாலும் அந்த "டம்" மாறாது. பாஷை தெரியாதவனையும் அது நடக்க வைத்துவிடும். தமிழன், பஞ்சாபி, வங்காளி, மலையாளி எல்லோருக்கும் ஒரே கால்.

விமானப்படைக்குத் தனி பேண்டு 1944-ல், உலக யுத்த காலத்தில் வந்தது. ஆரம்பத்தில் எல்லாம் வெள்ளைக்காரன் மெட்டு. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ஆட்களே மெட்டுப் போட்டார்கள். விமானப்படை அதிகாரி எல்.எஸ்.ரூபச்சந்திரா அமைத்த "ஸ்பேஸ் ஃப்ளைட்" என்ற மெட்டு டெல்லி விஜய் சவுக்கில் ஜனவரி 29-ந் தேதி நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியிலே முழங்கியிருக்கிறது.

அந்த நிகழ்ச்சியில் ஒரு பழைய கிறிஸ்தவ கீதம் வருஷா வருஷம் வரும். "அபைட் வித் மீ". காந்திஜிக்குப் பிடித்த பாட்டு. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டு மெட்டுகளே போதும் என்று முடிவு. ஓய்வு பெற்ற பலருக்கு அதில் மனசு சங்கடம்.

பெரியவர் இரண்டு பக்கமும் பேசவில்லை. "புதுப் பாட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி, அந்தப் பாட்டு வரும்போதுதான் செத்துப் போனவங்க முகம் ஒண்ணொண்ணா வரும். இப்ப அதுக்கு வேற நேரம் பார்த்துக்க வேண்டியிருக்கு" என்றார்.

இரண்டு போச்சு... ஒண்ணு வந்துச்சு

யார் முகம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. "பாரம் 700" என்பார்கள். விமானம் கிளம்பும் முன்பு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பிட்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு விமானி கையெழுத்துப் போடுவார். பிறகுதான் ஏணியில் ஏறுவார்.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து ஒரு காலைப்பொழுது. இரண்டு நேட் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பின. ஒன்றின் புத்தகத்தில் நம் பெரியவர் கையெழுத்து. கீழே விமானியின் கையெழுத்து. சின்னப் பையன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்.

"போகும்போது என் தோளைத் தட்டி, திரும்பி வந்து டீ குடிக்கலாம்னார்."

இரண்டு போனது. ஒன்றுதான் வந்தது.

விசாரணை நடந்தது. பழுது பார்த்தவர்கள் மீது தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் மனசுக்கு அது போதவில்லை. அன்று தான் முறுக்கிய ஒவ்வொரு திருகாணியையும் ஐம்பது வருஷமாக மனசுக்குள் முறுக்கிக்கொண்டே இருக்கிறார்.

இறுதி ஊர்வலத்திலும் அதே பேண்டு. அதே பெரிய மேளம். கறுப்புத் துணி போர்த்தி இருந்தார்கள். மெதுவான நடை. "அதே டம்-தான் தம்பி. ஆனா ஒரு டம்முக்கும் அடுத்த டம்முக்கும் நடுவிலே ஒரு வருஷம் போன மாதிரி இருந்துச்சு."

அன்றைக்குப் பிடித்த பழக்கம். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் எண்ணுவார். போனது எத்தனை? வந்தது எத்தனை?

171 கையெழுத்து

மிக்-21 விமானத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. கேட்டால் நெஞ்சு பதறும்.

ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகிற ரஷிய விமானம் அது. ஒரே என்ஜின். தரை இறங்கும்போது கூட மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் வேகம். நம் இளம் விமானிகள் "கிரண்" என்ற சாதுவான பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு நேராக இதில் ஏறினார்கள். நடுவில் பழகுவதற்கு ஒரு வேகமான பயிற்சி ஜெட் இல்லை. "ஹாக்" விமானம் வந்தது 2008-ல்தான்.

ராணுவ மந்திரியாக இருந்த ஏ.கே.அந்தோணி 2012-ல் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. 1971-ல் இருந்து 2012 ஏப்ரல் வரை விபத்துக்கு உள்ளான மிக் ரக விமானங்கள் 482. பலியான விமானிகள் 171 பேர். பொதுமக்கள் 39 பேர். பத்திரிகைகள் "பறக்கும் சவப்பெட்டி" என்றே பெயர் வைத்துவிட்டன.

அந்தப் பெயர் பெரியவருக்குப் பிடிக்காது. "நாட்டைக் காப்பாத்தின விமானம். திட்டாதீங்க. ஆனா 171 புத்தகத்திலே 171 கையெழுத்து இருக்கும். அதைப் போட்டவன் எல்லாம் இன்னும் தூங்கியிருக்க மாட்டான்" என்றார்.

குப்பையில் கிடைத்த குண்டு விமானம்

துக்கம் மட்டுமல்ல, சிரிக்க வைக்கும் கதையும் இருக்கிறது.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது, "லிபரேட்டர்" என்ற நாலு என்ஜின் குண்டு வீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனான். சும்மா போகவில்லை. யாரும் பறக்க விடக்கூடாது என்று அடித்து நொறுக்கிவிட்டுப் போனான்.

நம்ம ஆள் விடுவானா? பெங்களூர் தொழிற்சாலைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒன்றில் இருந்த இறக்கை, இன்னொன்றில் இருந்த சக்கரம் என்று ஒட்டுப் போட்டார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றைக் கான்பூரில் இருந்து பெங்களூருக்கு ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போனார். அங்கே முழுப் பழுது பார்த்து 40-க்கும் மேற்பட்ட விமானங்களைப் படையில் சேர்த்தார்கள். 1968 வரை அவை பறந்தன. அதற்குள் மற்ற நாடுகள் எல்லாம் அதைக் கைவிட்டுவிட்டன. பிறகு பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் மியூசியத்தில் வைக்க நம்மிடம் வந்துதான் வாங்கிப் போனார்கள்!

1961-ல் பெங்களூரில் "மாருத்" ஜெட் விமானம் பறந்தது. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் நம் நாட்டிலேயே உருவானது. 147 விமானங்கள் செய்தோம். அழகான விமானம். ஆனால் பொருத்தமான என்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை. அதைச் சோதித்துப் பறந்த சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரி 10-ந் தேதி விபத்தில் பலியானார். இந்த விமானத்தைப் பெங்களூர் எச்.ஏ.எல். மியூசியத்தில் பார்க்கலாம்.

ஒன்பதாவது ஆள்

தாம்பரத்துக்குப் பக்கத்து ஊர் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. கல்லூரியில் 1950-களில் இரண்டு பழைய விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. பறந்து முடித்து ஓய்வு பெற்றவை. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் ஒரு ராமேசுவரத்துப் பையன் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

பெயர் அப்துல் கலாம்.

படித்து முடித்து, விமானி ஆகும் ஆசையில் டேராடூன் தேர்வுக்குப் போனார். 25 பேரில் 8 பேருக்கு இடம். அவர் 9-வது ஆள். அன்று அவர் உடைந்து போனதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு ராக்கெட், ஏவுகணை, ஜனாதிபதி பதவி. 2006 ஜூன் 8-ந் தேதி, 74 வயதில், புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். எம்.ஐ.டி.யில் பழைய விமானத்துக்குப் பக்கத்தில் பிறந்த ஆசை அரை நூற்றாண்டு கழித்து நிறைவேறியது!

மெரினாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பெரியவரை நான் முதலில் பார்த்தது டீக்கடையில் அல்ல. மெரினா மணலில்.

2024 அக்டோபர் 6-ந் தேதி. விமானப்படையின் 92-வது ஆண்டு விழா. மெரினாவில் 72 விமானங்களின் சாகசம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். 15 லட்சம் பேர் என்றார்கள். பறக்கும் ரெயில் நிலையங்களில் நிற்க இடம் இல்லை. நான் கூட்டத்தைப் பற்றிச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். பெரியவர் பேரனோடு வந்திருந்தார். கையில் குடை, இரண்டு பாட்டில் தண்ணீர், உப்பு போட்ட மோர்.

பழைய "டகோட்டா" விமானம் மெதுவாக வந்தது. பக்கத்தில் இருந்த வாலிபர்கள், "என்னப்பா, ஷேர் ஆட்டோ மாதிரி வருது" என்று கிண்டல் செய்தார்கள்.

பெரியவர் திரும்பினார். "1947 அக்டோபர் 27-ந் தேதி ஸ்ரீநகர்லே நம்ம சிப்பாய்களைக் கொண்டுபோய் இறக்கினது இந்த ரகம்தான் தம்பிகளா. அது மட்டும் அன்னிக்குப் போகலேன்னா காஷ்மீர் கதையே வேற!" என்றார். வாலிபர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு அவர்களே கை தட்டினார்கள்.

கடைசியில் சூர்யகிரண் குழு. ஒன்பது ஹாக் விமானங்கள். கூட்டம் "ஓ" என்று கத்தியது. பெரியவர் கத்தவில்லை. விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது. சரி."

விமானம் எல்லாம் பத்திரமாகத் திரும்பியது. மனிதர்கள்தான் திரும்பவில்லை. அன்று வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் ஏராளம். தண்ணீருக்குத் தவித்தார்கள். வெளியேற வழி இல்லாமல் திண்டாடினார்கள். ஐந்து பேர் இறந்து போனார்கள். விமானம் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள்.

இரண்டு நாள் கழித்து, 8-ந் தேதி, தாம்பரம் தளத்தில் அணிவகுப்பு. பேண்டு முழங்கியது. பெரிய மேளம் "டம்" என்றது. பெரியவர் போகவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்.

கடலுக்கு அடியில் 29 பேர்

தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதுசு அல்ல.

2016 ஜூலை 22-ந் தேதி காலை தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு ஏ.என்.-32 விமானம் கிளம்பியது. உள்ளே 29 பேர். வங்கக் கடலுக்கு மேல் மாயமாகிவிட்டது. கப்பல், விமானம், நீர்மூழ்கி எல்லாம் தேடின. கிடைக்கவில்லை. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில்தான் துப்பு கிடைத்தது. நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கருவி, சென்னையில் இருந்து சுமார் 310 கிலோ மீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதறல்களைப் படம் எடுத்தது.

அந்த ஏழரை வருஷமும் பெரியவர் அதைக் கணக்கில் "வரவில்லை" என்று எழுதவே இல்லையாம். "இன்னும் வரலே"-ன்னுதான் வச்சிருந்தாராம்.

கணக்கு முடியவில்லை

டீக்கடையில் டி.வி. வேறு செய்திக்கு மாறிவிட்டது. சிரித்த பையன் பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தாத்தா, அந்த நேட் விமானம் இப்ப எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டான். டெல்லி பாலம் மியூசியத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மேஜை மேலே விரலால் தாளம் போட ஆரம்பித்தார் பெரியவர். டம்... டம்... டம். மேஜைக்குக் கீழே பார்த்தேன். அவர் இடது கால் ஆடியது. பையனுடைய இடது காலும் ஆடியது.

பழைய விமானத்தைப் பார்த்துப் பெருமைப்படலாம். பேண்டு கேட்டு மயிர்க்கூச்செறியலாம். தப்பே இல்லை. போனவன் திரும்பி வந்தானா என்று தரையில் நின்று எண்ணுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதையும் நினைத்துக்கொண்டால் போதும்.

புறப்படும்போது பெரியவரிடம் கேட்டேன். "ஐயா, மெரினாவிலே அந்த அஞ்சு பேர்... அவங்க கணக்கை எதிலே எழுதுவீங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விமானம் கிளம்பறதுக்கு முந்தி ஒருத்தன் கையெழுத்துப் போடறான் தம்பி. 15 லட்சம் ஜனம் கிளம்பறதுக்கு முந்தி யார் கையெழுத்துப் போட்டாங்க?"

வானத்தில் சத்தம் கேட்டது. ஒரு பயிற்சி விமானம். பெரியவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணு" என்றார்.